சாவி போடறதுக்கு முன்னால

சித்த இருங்க தம்பி. சாவிய இப்பப் போட வேண்டாம். ஸ்டார்ட் ஆகாதுன்னு நெனச்சுக்காதீங்க, ஒத்தத் திருப்புல புடிச்சுக்கும், பேட்டரி புதுசு. எங்கூட்டுல அவ மாத்திரை போட்டுட்டு இப்பத்தான் கண்ணு அசந்திருக்கறா. டிராக்டர் சத்தம் கேட்டா எந்திரிச்சு வந்துருவா. அதுக்குத்தான் சொல்றேன். மத்தபடி நீங்க எல்லாத்தையும் பாருங்க. டயரப் பாருங்க, ஆயிலத் தொட்டுப் பாருங்க, அடியில படுத்து வேணும்னாலும் பாருங்க. நாச்சிமுத்து ஒளிச்சு வெச்சு வித்துப்போட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

எட்டு வருசமா என்ற கை ஒண்ணுதான் இந்த ஸ்டீரிங்கப் புடிச்சிருக்குது. வாடகைக்கு உட்டதில்ல. டிரைவர் வெச்சதில்ல. என்ற மச்சினன் ஒருக்கா ஆளு வெச்சு ஓட்டிக்கறேன்னு கேட்டான், அவனுக்கே குடுக்கல. வண்டின்னா கல்யாணம் பண்ணிட்டு வந்தவ மாதிரி, ஒருத்தன் கையிலதான் இருக்கணும்னு சொல்லி அனுப்பிட்டேன். அவன் அதுக்கும் ஒரு மாசம் பேசாம இருந்தான். இப்பச் சுத்தமாப் பேசறதில்ல, அது வேற.

அந்தக் கொக்கிங்களா? பிரேக்குல இருக்கறதா? ஆமா, அது புதுசுதான். போன மாசம் மாட்டினது. அதுக்கென்ன இப்ப. வாங்க, இப்பிடி நெழலுக்கு வாங்க. கட்டல் கெடக்குது, உக்காருங்க.

நீங்க சிரிக்கறது தெரியுது. பொண்டாட்டி தூங்கறான்னு வண்டிய ஸ்டார்ட் பண்ண உடாத ஆளுகிட்ட எப்பிடி வண்டி வாங்கறதுன்னு நெனைக்கறீங்க. ஞாயந்தான். உங்களத் தாட்டி உட்ட புரோக்கர் என்ன சொன்னான்? ஆக்சிடெண்ட் ஆன வண்டின்னு சொல்லியிருப்பானே. அவன் வாயி அப்பிடித்தான். ஆக்சிடெண்ட்னா என்னங்க? ரெண்டு வண்டி மோதிக்கோணும். இல்ல, கெணத்துக்குள்ள கவுந்திருக்கோணும். இது எங்க வாசல்ல, மாடு கட்டற கட்டுத்தரைக்கு முன்னால நடந்தது. நீங்களே சுத்திப் பாத்தீங்க, வண்டிக்கு ஒரு கீறல் இருக்குதுங்களா? இல்ல. பொறகு எப்பிடி அது ஆக்சிடெண்ட் வண்டி ஆகும்.

சொல்லிர்றேன், கேளுங்க. இந்த வாசலப் பாருங்க. மேல கட்டுத்தரை. அங்கிருந்து கீழ ரெண்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரித் தடம் வரைக்கும் ஒரே சரிவு. எங்கப்பன் ஊடு கட்டறப்பவே மழைத்தண்ணி நிக்கக்கூடாதுன்னு மேட்டுல கட்டினாரு. அது டிராக்டருக்கு எவ்வளவு தோதுன்னு எனக்கு மூணு வருசத்துக்கு முன்னாலதான் தெரிஞ்சுது. அந்த வருசம் மக்காச்சோளம் போட்டிருந்தோம். பன்னிக்கூட்டம் எறங்கி ஒரே ராத்திரியில கால் ஏக்கராவ மிதிச்சுப்போட்டுப் போயிருச்சு. சரின்னு கரண்டு வேலி போட்டேன், லேசா ஷாக் அடிக்கும்ல, அது. அதுக்கு ஒரு பேட்டரி வேணும்னாங்க. டிராக்டர்ல இருக்கறதக் கழட்டி அதுக்கு மாட்டிட்டேன். ஒரு மாசத்துக்கு, கருது பறிக்கற வரைக்கும்னுதான் மாட்டினது.

கழட்டின பொறகு பாத்தா, பேட்டரியே தேவைப்படல. ராத்திரி வண்டிய மேட்டுல, கீழ பாத்து நிறுத்திர்றது. ஹேண்ட் பிரேக்கு புடிக்கறதில்ல, அதனால பெரிய டயருக்கு முன்னால ஒரு கல்லு. காத்தால நான் ஏறி உக்காந்து, கியரப் போட்டு, கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதிச்சுக்குவேன். அவ கல்ல எடுப்பா. நான் பிரேக்க உடுவேன். வண்டி தானா உருளும். பாதித் தூரத்துல கிளட்ச்ச உட்டா டபடபன்னு புடிச்சுக்கும். சாவி எதுக்கு, பேட்டரி எதுக்கு? மேடு இருக்கையில அதெல்லாம் எதுக்குங்க? உங்க ஊடு எப்பிடி, மேடா சமமா? சமமா. அப்பச் சரி.

கல்லுன்னா சாதாரணக் கல்லு இல்ல. எங்கம்மா காலத்து அம்மிக்கல்லு. மிக்ஸி வந்த பொறகு ஊட்டுக்குப் பொறகால கெடந்துச்சு, ஒருக்கா தண்ணி டேங்க் எறக்கறப்ப மேல உழுந்து ரெண்டா ஒடைஞ்சுபோச்சு. அதுல ஒரு பாதி. ஒடைஞ்ச பக்கம் சரிவா இருக்கும், டயருக்கு அளவெடுத்த மாதிரி போயி உக்காந்துக்கும். ஒரு பத்துக் கிலோ இருக்கும். கல்ல எடுக்கறது மட்டும் அவ வேலையில்ல தம்பி. எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு வண்டி கூடவே ஓடி வரோணும். ஏன்னா, ஒருக்காலு இஞ்சின் புடிக்கலைன்னா, வண்டி தடத்துக்குப் போறதுக்குள்ள அவ திரும்பவும் கல்லப் போட்டு நிறுத்தோணும். நான் போடுன்னு சொல்லவே வேண்டியதில்ல. சத்தத்த வெச்சே தெரிஞ்சுக்குவா. பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமி கேலி பேசுவான், நாச்சிமுத்து டிராக்டருக்கு செல்ப் மோட்டாரே பூவாத்தாதான்னு. அவளும் முந்தானைய இழுத்துச் சொருகிட்டுச் சிரிச்சுக்குவா. எத்தன ஊட்டுல பொண்டாட்டி வண்டிக்கு இந்தளவு ஒத்தாசை பண்ணுவா சொல்லுங்க.

பேட்டரிய மாட்டச் சொன்னாளான்னா, சொன்னா. சொல்லலைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். மழை பேஞ்ச அன்னைக்கு வழுக்குதுன்னு சொன்னா. ஒருக்கா முட்டி வலின்னு சொன்னா. கருது பறிக்கட்டும்னேன். கருது பறிச்சோம். அடுத்த வருசமும் சோளந்தான் போட்டோம், பன்னி மறுக்கா வந்துச்சு, வேலியக் கழட்ட முடியுங்களா? நீங்களே வெள்ளாமை பண்றவரு. பயிரா பேட்டரியான்னா பயிருதானே முன்னால.

இங்க ஒரு வெசயத்தச் சொல்லோணும், வண்டி வாங்கறவருக்குத் தெரியணும். பிரேக்கு ரெண்டு பெடலு இருக்குது பாத்தீங்கள்ல. எடது பெடல மிதிச்சா எடது சக்கரம் நிக்கும். வலது பெடல மிதிச்சா வலது சக்கரம் நிக்கும். காட்டுக்குள்ள முக்குல திரும்பறதுக்கு அது தோது. ஒரு பக்கத்த மட்டும் மிதிச்சா நின்ன எடத்துலயே வண்டி சுழண்டுக்கும். என்ற காடெல்லாம் துண்டு துண்டு, வரப்போரம் ஒரு மொழம் உடாம ஓட்டுவேன். என்னை மாதிரி முக்குத் திருப்பறவன் இந்தப் பக்கத்துல இல்லைன்னு ஆறுச்சாமியே ஒத்துக்குவான். காட்ட உட்டு வெளிய வந்தா, அந்தக் கொக்கியப் போட்டு ரெண்டு பெடலையும் ஒண்ணாச் சேத்துக்கோணும். அப்பத்தான் வண்டி நேரா நிக்கும். இது டிராக்டர் ஓட்டற சின்னப் பசங்களுக்கும் தெரியும்.

புரட்டாசி, ரெண்டாவது சனிக்கெழமை. நான் கோயிலுக்குப் போகோணும்னு இருந்தவன், கடலைக்காட்ட ஓட்டி முடிச்சிரலாம்னு வண்டிய எடுத்தேன். முந்தின நாள் பொழுதெறங்கற வரைக்கும் மேக்குக் காட்டுல ஒம்பது கலப்பையப் போட்டு ஓட்டிட்டு வந்து, வழக்கம் போல மேட்டுல நிறுத்தியிருந்தேன். அவ பால் கறந்து போசிய வாசல்ல வெச்சுட்டு வந்தா. கல்ல எடுத்தா. நான் பிரேக்க உட்டேன். வண்டி உருளுது. கிளட்ச்ச உட்டேன், கொர்ருன்னு ஒரு இழுப்பு இழுத்துச்சு, புடிக்கல. நிமிந்து பாத்தா நேரா முன்னால பால்காரன் பைக்க நிறுத்தி வெச்சிருக்கறான், நடுத் தடத்துல. அவங்கிட்ட அம்பது தடவ சொல்லியிருக்கறேன், ஓரமா நிறுத்தப்பான்னு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் அவனுக்கு நான் பால் ஊத்தறதில்ல. டவுனு டெப்போவுக்கு நானே கொண்டு போயி ஊத்தறேன். அவன் மட்டும் பைக்க ஓரமா நிறுத்தியிருந்தான்னா, இன்னைக்கு நீங்க இந்த வண்டிய வாங்க வந்திருக்கவே மாட்டீங்க.

பைக்கப் பாத்ததும் பிரேக்க மிதிச்சேன். மிதிக்காம என்ன பண்றதுங்க? வண்டி நேரா நிக்கல. சோத்தாங்கைப் பக்கம் வெடுக்குன்னு திரும்பிருச்சு. அவ அந்தப் பக்கந்தான் கல்லோட ஓடி வந்துட்டிருந்தா. முன்சக்கரம் இடிச்சு உழுந்தா. பெரிய டயரு அவ எடது காலு மேல ஏறி, ஏறினது அங்கயே நின்னுக்கிச்சு. தாண்டிப் போயிருந்தாக் கூட ஒரு நொடியில முடிஞ்சிருக்கும். நான் மிதிச்ச மிதியில அது பாதத்து மேலயே நின்னுபோச்சு.

அந்த டயருக்குள்ள தண்ணி ரொப்பியிருக்குது, புடிப்புக்கு. இப்பவும் இருக்குது, நீங்க தட்டிப் பாருங்க.

நான் மேல உக்காந்திருக்கறேன். பிரேக்குல இருந்து கால எடுத்தா வண்டி இன்னும் உருளும், அவ தொடை மேல ஏறும். எடுக்காட்டி எறங்க முடியாது. கத்தறேன், என்ன கத்தினேன்னு எனக்கே தெரியல. அவ கத்தல தம்பி. படுத்தவாக்குல கைய எட்டிக் கல்ல இழுத்து டயருக்கு முன்னால வெச்சா. காலு அடியில மாட்டியிருக்குது, அந்தக் கல்ல ரெண்டு கையால நவுத்தி நவுத்தி, ஒடைஞ்ச பக்கம் டயருக்கு வர்ற மாதிரி திருப்பி வெச்சா. வெச்சுட்டு என்னையப் பாத்து, கல்லு வெச்சுட்டேன், நீங்க எறங்குங்கன்னு சொன்னா.

எத்தன தடவ போட்டிருப்பா, கை பழகினது. அதனாலதான் பொழச்சா. பழக்கி வெச்சது வீண் போகலைன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

எறங்கினேன். நானும் பால்காரனும் தள்ளிப் பாத்தோம். மேட்டுப் பக்கமாத் தள்ளோணும், ரெண்டு டன் வண்டி, ஆடக்கூட இல்ல. ஸ்டார்ட் பண்ணிப் பின்னால எடுத்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். எப்பிடி ஸ்டார்ட் பண்றது? பால்காரன் ஆறுச்சாமியக் கூப்புடப் போனான். ஆறுச்சாமி டிராக்டர எடுத்துக்கிட்டு தூரத்துக் காட்டுக்குப் போயிட்டான். அவன் வந்து சங்கிலி போட்டு இழுக்கறதுக்கு முக்கா மணி நேரம் ஆயிருச்சு. அந்த முக்கா மணி நேரமும் நான் அவ பக்கத்துல மண்ணுல உக்காந்திருந்தேன். வெயில் ஏறிருச்சு, துண்டப் புடிச்சு நெழல் காட்டிட்டு இருந்தேன். அவ என்ன சொன்னா தெரியுங்களா? போசிய மூடாம வெச்சிருக்கறேன், பூனை வாய் வெச்சிரும், போயி மூடிட்டு வாங்கன்னா. நான் போயி மூடிட்டு வந்தேன். எருமைக்குத் தண்ணி காட்டலைன்னா. அதையும் பண்ணிட்டு வந்தேன். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. அவ சொல்லச் சொல்லப் பண்ணிட்டு இருந்தேன்.

ஆறுச்சாமி பொறகு ஒருநாள் சாவடியில வெச்சுக் கேட்டான், எல்லார் முன்னாலயும். வேலிப் பேட்டரி நூறடி தூரத்துல இருந்துச்சே நாச்சிமுத்து, அதக் கழட்டிட்டு வந்து மாட்டியிருந்தா ரெண்டு நிமிசம் ஆகுமான்னு. அவனுக்கென்ன, வெளிய நின்னு பேசறவனுக்கு எல்லாந் தோணும். அந்த நேரத்துல அதெல்லாம் யாருக்குங்க தோணும்? எருமைக்குத் தண்ணி காட்டறப்ப வேலியத் தாண்டித்தான் போனேன். பேட்டரியில ஓடற வேலிப் பொட்டி டிக் டிக்னு சத்தம் போட்டுச்சு. அது காதுல உழுந்தது இப்பவும் ஞாபகம் இருக்குது. ஆனாத் தோணல.

கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம். பாதிப் பாதத்த எடுத்துட்டாங்க. குதிகால் மட்டும் இருக்குது. டாக்டர் எப்பிடி ஆச்சுன்னு கேட்டப்ப அவதான் சொன்னா, நான் தப்பா நின்னுட்டனுங்கன்னு. நான் சொல்லிக் குடுக்கல. அவளாச் சொன்னது. மச்சினன் என்ற சட்டையப் புடிச்சப்பவும் அதையேதான் சொன்னா. நான்தான் பாக்காம ஓடிட்டேன், அவர உட்ருன்னு. அவளே சொல்றப்ப நான் குறுக்க என்னத்தச் சொல்றது. தம்பி, நீங்க என்னைய அப்பிடிப் பாக்காதீங்க. குடும்பம்னா ஒருத்தர ஒருத்தர் தாங்கிக்கறதுதான்.

ஊட்டுக்கு வந்த பொறகு நான் மொத வேலையாப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். ஹேண்ட் பிரேக்கச் சரி பண்ணினேன். அந்தக் கல்லத் தூக்கிக் கெணத்துல போட்டேன். இனி என்ன, எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். மறுநாள் காத்தால ஏறி உக்காந்து சாவியத் திருப்பறேன், ஒடனே புடிச்சுக்கிச்சு. கெளம்பலாம்னு திரும்பறேன், அவ வந்துட்டிருக்கறா. ஒரு கையில ஊணுகோலு. இன்னொரு கையில இடுப்போட அணைச்சுக் கல்லு.

கெணத்துல போட்டது ஒரு பாதிதானுங்களே. இன்னொரு பாதி பொறகால கெடந்துச்சு.

மொள்ள வந்தா. டயருக்கு முன்னால குனிஞ்சு வெச்சா. நான் கெளம்பறேன்னு தெரிஞ்சதும் அதே மாதிரி குனிஞ்சு எடுத்துக்கிட்டு ஒதுங்கி நின்னா. ம், போங்கன்னா. அன்னையில இருந்து தெனமும் அப்பிடித்தான். நான் திட்டிப் பாத்தேன். கும்புட்டும் பாத்தேன். பேட்டரி இருக்குதுடி, இதப் பாரு சாவி, உனக்கு இங்க வேலையே இல்லைன்னு கையப் புடிச்சுக் காட்டினேன். சமமாக் கெடக்கற எடத்துல நிறுத்திப் பாத்தேன், அங்கயும் வந்தா. அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. என்ற வேலைய நான் பாக்கறேன், உங்க வேலைய நீங்க பாருங்கன்னு. கோவமாச் சொல்லல. எப்பவும் பேசற மாதிரிதான் சொன்னா. அதுல குத்தலா ஒண்ணும் இருக்காதுங்க. அவளுக்கு அப்பிடிப் பேச வராது.

என்ற வேலைன்னா என்னங்க? மேல உக்காந்து மிதிக்கறதுதானே.

அதனாலதான் விக்கறேன். வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. இந்த வண்டி இங்க நிக்கற வரைக்கும் அவ அந்தக் கல்லத் தூக்கிக்கிட்டு நடப்பா. குதிகால்ல நடக்கறவ ஒருநாள் உழுந்தா என்ன பண்றது. வண்டி போயிட்டா அவளுக்கு அந்த நெனப்பு போயிரும். எனக்கும் காத்தால நிம்மதியா இருக்கும். நீங்க கேக்கற வெலைக்கு நான் பேச்சே பேசப் போறதில்ல, இன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போயிருங்க.

கொக்கிங்களா?

நீங்க அதுலயே நிக்கறீங்க. பழசு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா, இல்ல அன்னைக்குப் போட்டிருந்துதான்னு கேக்கறீங்களா? ஏனுங்க தம்பி, டாக்டர் கேக்கல. மச்சினன் சட்டையப் புடிச்சானே ஒழிய அவன் கேக்கல, அவனுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. ஆறுச்சாமிக்குத் தெரியும். அவனும் பேட்டரியத்தான் கேட்டான், இதக் கேக்கல. கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு தெரிஞ்சு உட்டுட்டானோ என்னமோ. அவளுக்கு ரெண்டு பெடலு இருக்கறது தெரியுமான்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். போன மாசம் இந்தப் புதுக் கொக்கிய மாட்டிட்டு நிமிர்றேன், வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. நல்லா இறுக்கி மாட்டுங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

கதவு சத்தம் கேட்டுதுங்களா? முழிச்சுக்கிட்டா. பேச்சுச் சத்தத்துக்கே முழிச்சுக்குவா, மாத்திரையெல்லாம் சும்மா.

சரி, ஏறி உக்காருங்க. சாவியப் போடுங்க. பரவால்ல, போடுங்க. அவ வருவா, கல்லு வெப்பா, நீங்க ஒண்ணுஞ் சொல்லிறாதீங்க. கால பிரேக்குலயே வெச்சிருங்க. அவ குனிஞ்சு எடுத்து, அக்கட்டால ஒதுங்கி, ம், போங்கன்னு சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க. அதுக்கு முன்னால கீழ குனிஞ்சு அந்தக் கொக்கிய ஒருக்காத் தொட்டுப் பாத்துக்குங்க தம்பி, ரெண்டும் சேந்திருக்குதான்னு.

நான் அன்னைக்குப் பாக்கல.